ஏழு பித்தளைப் பாத்திரங்களுக்கான இசை

நான் என்ன வேலை செய்கிறேன் என்பது என் அத்தாவுக்குத் தெரியாது என்று சொன்னால் அது அவருக்குச் செய்யும் அநியாயம். தெரியும். நம்புவதற்குத்தான் கஷ்டப்பட்டார். பெங்களூரில் இசை படித்து முடித்து வீட்டுக்கு வந்து, தாள வாத்தியக் குழுக்களுக்கு இசை எழுதப் போகிறேன் என்று நான் அறிவித்த காலையில், அவர் கடைக்குப் போகச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். பொத்தானைப் போட்டுக்கொண்டே விசாரித்தார்.

“கண்ணாலத்துக்கு வாசிக்கறதா?”

“இல்லீங்கத்தா.”

“பள்ளிவாசல் நேர்ச்சைக்கா? இல்ல, கோயல் திருவிழாவுக்கா?”

“எதுக்குமில்லீங்கத்தா. சும்மா ஒரு மண்டபத்துல உக்காந்து கேக்கறதுக்கு.”

“எதுக்குமே இல்லாமயா?”

“எதுக்குமே இல்லாம.”

கடைசிப் பொத்தானைப் போட்டார். “செரி, சாப்பிட்டயா?” என்றார். எங்கள் வீட்டில் ஒரு பேச்சு முடிந்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம்.

எங்களுக்குக் கோவிந்தாபுரத்தில் பாத்திரக்கடை. தமிழ்நாட்டு எல்லைச் சோதனைச் சாவடிக்குக் கேரளப் பக்கம். கொல்லங்கோட்டிலிருந்து இட்லிக் குண்டா வாங்க வருவார்கள், பொள்ளாச்சிப் பக்கமிருந்து உருளி வாங்க வருவார்கள். அத்தாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. பித்தளையோ வெண்கலமோ, யாருக்குக் கொடுப்பதானாலும் முதலில் அதை இடது கை விரல் நுனிகளில் தாங்கிப் பிடித்து, வலது கை முட்டியால் ஒரு தட்டுத் தட்டுவார். எங்காவது கீறல் இருந்தால் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும். அந்தச் சத்தம் முழுக்க ஓயும்வரை அவரும் பேசமாட்டார், வாங்க வந்தவரையும் பேசவிடமாட்டார். பேச வாய் திறப்பவர்களைப் புருவத்தால் அடக்குவார். ஓய்ந்தபிறகு “எடுத்துக்குங்க” என்பார். ஒரு சின்னப் போசி வாங்க வந்து இப்படி நின்றவர்கள் பலர் கொஞ்சம் பயந்துபோய்த்தான் வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

நான் எழுதிய முதல் பெரிய படைப்பு இதிலிருந்து வந்தது. நிகழ்ச்சிக் குறிப்பில் அப்படி எழுதவில்லை. ‘உலோகத்தின் உள்ளிருக்கும் காலத்தைத் தேடும் முயற்சி’ என்று எழுதினேன். அப்படி எழுதினால்தான் மண்டபம் கொடுக்கிறார்கள். பாலக்காட்டில் ஒரு சின்னக் கலைக் குழு உண்மையிலேயே கொடுத்தது.

படைப்பின் விதி எளிமையானது. ஏழு பித்தளைப் பாத்திரங்களை நான் வாசிப்பேன். செண்டை, மிருதங்கம், நேர்ச்சைக்கு அடிக்கும் தஃப் என்று மூன்று பேர் என்னைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். நான் ஒரு பாத்திரத்தைத் தட்டுவேன். தட்டியபின் நிற்கும் ரீங்காரத்தை எங்கள் தொழிலில் கார்வை என்போம். அந்தக் கார்வை ஓயும்வரை மூன்று பேரும் கையை அசைக்கக்கூடாது. ஓய்ந்த கணத்தில் நான் எழுதிக்கொடுத்ததை வாசிக்க வேண்டும். அவர்கள் முடித்ததும் நான் அடுத்த பாத்திரத்துக்குப் போவேன், சிலவற்றுக்குப் பல தடவை திரும்பி வருவேன். தாளம் கிடையாது, எண்ணிக்கை கிடையாது. பாத்திரம் எவ்வளவு நேரம் பேசுகிறதோ அதுதான் கணக்கு.

மிருதங்கம் வாசிப்பவர் கல்பாத்திக்காரர், வங்கியில் மேலாளர். முதல் ஒத்திகையில் என் தாள்களை ஒரு கடன் விண்ணப்பத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

“தாளம் என்ன கொழந்தே?”

“தாளம் இல்லை சார்.”

“பின்னே நாங்க எதைப் பிடிச்சுண்டு நிக்கறது?”

“பாத்திரத்தை.”

அவர் தாள்களை மடித்து ஓரமாக வைத்தார். விண்ணப்பம் தள்ளுபடி என்றுதான் நினைத்தேன். ஆனால் சில வாரங்களுக்குள் அவர்தான் எல்லாரையும்விட மோசமாகிவிட்டார். கண்ணை மூடிக் காதை அண்டாவின் பக்கம் சாய்த்துக்கொள்வார். செண்டைக்காரர் ஒரு கணம் முந்திக் குச்சியைத் தூக்கினால் போதும், “இன்னும் இருக்கு ஓய், இன்னும் இருக்கு” என்று பல்லைக் கடிப்பார். செண்டைக்காரருக்குத் தமிழ் அரைகுறை என்றாலும் அந்த வாக்கியம் நன்றாகப் புரிந்துவிட்டது.

பாத்திரங்களைத் தேர்ந்தெடுத்த கதையைச் சொல்ல வேண்டும். கடைக்கு மேலே மச்சில், எவர்சில்வர் வந்தபிறகு விலைபோகாமல் நின்றுவிட்ட பித்தளைச் சரக்கு இருந்தது. குனிந்து குனிந்து ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். எதுவும் பிடிக்கவில்லை. மூலையில் பழைய புடவையில் சுற்றி ஒரு மூட்டை. அவிழ்த்துத் தட்டினால் ஒரு பெரிய தவலை, ஓர் அண்டா, இரண்டு குண்டா, மூன்று போசி. எனக்கு வேண்டிய சத்தம் மொத்தமும் அந்தப் புடவைக்குள் இருந்தது.

கீழே எடுத்துக்கொண்டு வந்தபோது அத்தா அண்ணாந்து பார்த்தார்.

“அதையா எடுத்தே?”

“ஏனுங்கத்தா, வேற யாருக்காச்சும் எடுத்து வெச்சதா?”

“உனக்குத்தான்” என்றார்.

அவை என் கல்யாணச் சீருக்காக நான் பள்ளிக்கூடம் போகும்போதே எடுத்து வைத்த பாத்திரங்கள். வருஷா வருஷம் நோன்புக்கு முன் கடைக்கு வெள்ளையடிக்கும்போது அவர் மூட்டையை இறக்கி, ஒவ்வொன்றையும் தட்டிக் கேட்டு, திரும்பச் சுற்றி ஏற்றி வைப்பார் என்று அம்மா பிற்பாடு சொன்னாள். எனக்கு முப்பது தாண்டியிருந்தது. கல்யாணப் பேச்சும் வந்து வந்து களைத்துப்போய் நின்றுவிட்டிருந்தது. அத்தா என்னைப் பார்த்தார், தவலையைப் பார்த்தார். “எடுத்துக்க. சும்மா கெடக்கறதுக்கு வாசிச்சாவது பாரு” என்றார்.

எனக்கு அப்போது வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அத்தா அந்த மண்டபத்துக்கு வந்து உட்கார்ந்து முதலிலிருந்து கடைசிவரை கேட்க வேண்டும். பெங்களூரில் நான் வாசித்ததெல்லாம் அவருக்குச் செல்போனில் வந்த படங்கள், அவ்வளவுதான். கூப்பிட்டேன். “பாக்கலாம்” என்றார். அத்தா அகராதியில் அதற்கு ‘மாட்டேன்’ என்று அர்த்தம். கடையைச் சாத்திவிட்டு அவர் போன இடங்கள் கல்யாணமும் மய்யத்து அடக்கமும்தான். இது இரண்டிலும் சேராது.

நான் பாலக்காட்டில் ஒரு சின்ன விடுதி அறையில் தங்கி, மிருதங்கக்காரரின் வீட்டு மாடியில் ஒத்திகைகளை நடத்தினேன். நிகழ்ச்சிக்கு முந்தின வாரம் அவர் வீட்டில் விருந்தாளிகள் வந்துவிட்டதால் பாத்திரங்களைக் கடைக்கே அனுப்பிவைத்தேன். மேற்கொண்டு ஒத்திகை தேவையில்லை, கார்வைகளை எல்லாரும் மனப்பாடமாக அறிந்திருந்தார்கள். அன்றைக்குக் காலையில் மண்டபத்துக்கு அனுப்பிவையுங்கள் என்று அத்தாவிடம் சொல்லியிருந்தேன். முந்தின நாள் மாலை அவரே கூப்பிட்டார். அத்தா யாரையும் தானாகக் கூப்பிடுபவர் அல்ல.

“நாளைக்கு நானும் அம்மாளும் வர்றோம்.”

“கடை?”

“மத்தியானமே சாத்திப்போட்டு வந்தர்றோம். பாத்திரம் விடியக்காலைல டெம்போவுல வந்துரும். நல்லாப் பண்ணி அனுப்பியிருக்கறன், பாரு.”

அவர் வருகிறார் என்ற சந்தோஷத்தில் ‘நல்லாப் பண்ணி’ என்பது என்ன என்று கேட்கத் தோன்றவில்லை. அழுக்குப் போகத் துலக்கியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

காலையில் மண்டபத்தில் சாக்கை அவிழ்த்தேன். பாத்திரங்களின் வெளிப்பக்கம் புளி போட்டுத் துலக்கியதில் பொன்னிறமாக இருந்தது. உள்பக்கம் கண்ணாடிபோல் வெளுத்திருந்தது.

ஈயம் பூசியிருந்தார்.

எங்கள் ஊரில் பித்தளைப் பாத்திரம் ஈயம் பூசாமல் ஒரு பெண்ணோடு வீட்டைவிட்டுப் போகாது. புளிக்குழம்பு வைத்தால் களிம்பேறி விஷமாகிவிடும். ஈயம் பூசாத பாத்திரத்தைக் கொடுத்தனுப்பும் தகப்பனைப் பற்றி ஊர் பேசும். அத்தா பொள்ளாச்சியிலிருந்து ஈயம் பூசுபவரை வரவழைத்து, கடைக்குப் பின்னால் அடுப்பு மூட்டி, பாத்திரத்தைப் பழுக்கச் சூடாக்கி, நவச்சாரம் போட்டு, ஈயத்தை உருக்கிப் பஞ்சால் துடைத்து, ஏழையும் குறையில்லாமல் முடித்திருந்தார். அப்படிச் சூடு காட்டினால் பித்தளையின் முறுக்கு இளகிவிடும். போதாததற்கு உள்ளே ஈயம் போர்வையாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. தவலையைத் தட்டினேன்.

டொக் என்றது.

அண்டாவும் டொக். குண்டா இரண்டும் டொக். கார்வை என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. யாரோ கதவைத் தட்டுவதுபோல இருந்தது. செண்டைக்காரர் உண்மையிலேயே வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

எதற்கும் ஒருமுறை வாசித்துப் பார்க்கலாம் என்றார் மிருதங்கக்காரர். வாசித்தோம். ஓய்வதற்குக் கார்வை இல்லாததால் யாரும் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. முக்கால் மணி நேரப் படைப்பு, ஒரு காபி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

“பேஷ்” என்றார் மிருதங்கக்காரர். “எல்லாரும் ஏழு மணி பஸ்ஸைப் பிடிச்சுடலாம்.”

அவர் கிண்டல் செய்யவில்லை. அவருக்கு வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

நான் மண்டபத்தின் பின்பக்கம் போய் அத்தாவைக் கூப்பிட்டேன். கத்துவதற்காகத்தான் கூப்பிட்டேன். இரண்டு வருஷ உழைப்பு. ஒரு வார்த்தை கேட்டிருக்கக்கூடாதா? எனக்கு அவ்வளவு கோபம் வந்தது, முதல் தடவை தப்பான நம்பரை அழுத்திவிட்டேன்.

“அத்தா, பாத்திரத்துக்கு ஈயம் பூசுனீங்களா?”

“பாத்துட்டயா?” அவர் குரலில் இருந்த பெருமையை நான் அதற்கு முன் கேட்டதில்லை. “கெட்டி ஈயம். பத்து வருசத்துக்குத் தாங்கும். புளி ஊத்துனாலும் ஒண்ணும் ஆவாது.”

“நான் அதுல புளி ஊத்தமாட்டன் அத்தா.”

“நீ ஊத்தமாட்டே. வேற யாராச்சும் ஊத்துனா?”

நான் வாயெடுப்பதற்குள், “கடை இன்னைக்குத் தொறக்கவே இல்ல. அம்மா சீலை எடுத்துக் கட்டியாச்சு, நாங்க பஸ்ஸுக்குக் கெளம்பிட்டோம்” என்றார்.

அத்தாவை எனக்குத் தெரியும். தன் கையால் ஒரு பொருள் கெட்டுப்போனால் அந்தப் பொருள் இருக்கும் திசைக்கே வரமாட்டார். ஒருமுறை அம்மாவின் மிக்சியைப் பழுது பார்க்கிறேன் என்று கழற்றி நாசம் செய்துவிட்டு, மாதக்கணக்கில் அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்க்காமல் முன்கூடத்திலேயே சாப்பிட்டார். நான் சொன்னால் கொல்லங்கோட்டிலேயே இறங்கித் திரும்பிவிடுவார். பிறகு என் நிகழ்ச்சி எதற்கும் வரமாட்டார்.

“நல்லாருக்குங்கத்தா. பாத்து வாங்க” என்று சொல்லிப் போனை வைத்தேன். கோபம் அப்படியே இருந்தது. அதைக் கொண்டுபோய்க் கொட்ட இடமில்லாமல், அங்கே நிறுத்தியிருந்த யாருடைய பைக்கையோ காலால் ஒரு உதை உதைத்தேன். அது மிருதங்கக்காரருடையது என்று பிறகு தெரிந்தது.

வேறு பாத்திரம் தேட நேரமில்லை. தேடினாலும் இந்த ஏழின் சத்தம் எதிலும் இருக்காது. மூன்று பேரையும் உட்கார வைத்து, நாம் முன்பு வாசித்தபடியே வாசிப்போம் என்றேன். கார்வை எவ்வளவு நேரம் நின்றதோ அவ்வளவு நேரம் நிற்போம். பிறகு வாசிப்போம்.

“இல்லாத சத்தத்துக்கு எப்படிக் காத்துண்டிருக்கறது?” என்றார் மிருதங்கக்காரர்.

“உங்களுக்கு அது மனப்பாடம் சார். நீங்கதானே ‘இன்னும் இருக்கு, இன்னும் இருக்கு’ன்னு எல்லாரையும் திட்டினீங்க?”

அவர் மிருதங்கத்தை மடியில் சரிசெய்துகொண்டார். தஃப் வாசிப்பவர் முதலமடையில் மாங்காய் வியாபாரம் செய்பவர், எதற்கும் பதறமாட்டார். “நோம்புல பேரீச்சம்பழத்தக் கையில வெச்சுட்டு பள்ளிவாசல்ல பாங்கு சொல்ற வரைக்கும் உக்காந்திருக்கறமில்ல? அந்த மாதிரிதான். உக்காந்திருவோம்” என்றார். செண்டைக்காரருக்கு நான் மலையாளத்தில் விளக்கினேன். அவர் தலையாட்டிவிட்டு, சம்பளத்தில் மாற்றம் உண்டா என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். அவரும் சம்மதித்தார்.

மாலையில் கூட்டம் மோசமில்லை. அத்தாவும் அம்மாவும் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். அத்தா பெருநாள் சட்டை போட்டிருந்தார். மேடையில் பாத்திரங்கள் விளக்கொளியில் தகதகத்தன. அவர் பக்கத்து நாற்காலிக்காரரிடம் எதையோ சொல்லி அவற்றைச் சுட்டிக்காட்டினார். ஈயத்தைப் பற்றித்தான் இருக்கும்.

மின்விசிறிகளை நிறுத்திவிட வேண்டும் என்று நான் முன்பே எழுதிக் கேட்டிருந்தேன், கார்வை காதில் விழ வேண்டுமே என்று. அந்தக் கோரிக்கையைத் திரும்பப் பெறும் நினைவே எனக்கு வரவில்லை. சரியான நேரத்தில் எல்லா விசிறிகளும் நின்றன. பாலக்காட்டுக் கோடையில், காற்றும் இல்லாமல், கேட்பதற்கும் ஒன்றும் இல்லாமல், ஒரு மண்டபம் நிறைய ஜனங்கள் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

முதல் போசியைத் தட்டினேன். டொக். நாங்கள் நான்கு பேரும் அசையாமல் இருந்தோம். இரண்டாவது வரிசையில் தொடையில் தாளம் போடக் கையைத் தூக்கிய ஒருவர், எங்கே போடுவது என்று தெரியாமல் தன் உள்ளங்கையையே சந்தேகத்தோடு பார்த்தார். பின்னால் ஒருவர் நிகழ்ச்சி முடிந்துவிட்டது என்று நினைத்துக் கைதட்டினார். அந்த நேரம் பார்த்து நாங்கள் வாசிக்கத் தொடங்கினோம், அவர் கையைத் துடைப்பதுபோலச் செய்து சமாளித்தார். இப்படி இரண்டு மூன்று தடவை ஏமாந்த பிறகு மண்டபம் எச்சரிக்கையாகிவிட்டது. யாரும் எதற்கும் கைதட்டத் தயாராக இல்லை.

மிருதங்கக்காரர் கண்ணை மூடிக் காதை அண்டாவின் பக்கம் சாய்த்திருந்தார். அதில் ஒன்றும் இல்லை, ஆனாலும் சாய்த்திருந்தார். மூன்று பேரும் ஒரே கணத்தில் கையை இறக்கினார்கள். எங்களுக்குள் யாரும் யாரையும் பார்க்கவில்லை.

பாதிக்கு மேல் வந்தபோதுதான் பெரிய தவலையின் முறை. ஏழிலும் மிக நீளமான கார்வை அதனுடையது. தட்டிவிட்டுக் காத்திருக்கும்போது, பார்க்கக்கூடாது என்று இருந்தவள் முன்வரிசையைப் பார்த்துவிட்டேன்.

அத்தா நாற்காலியின் முனைக்கு வந்திருந்தார். மேடையில் தகதகப்பதை அவர் இப்போது பார்க்கவில்லை. தலையைக் குனிந்து, கடையில் நிற்பதுபோல, காதை மட்டும் கொடுத்திருந்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது. முதல் போசியிலேயே தெரிந்திருக்கும். எத்தனையோ வருஷம் தட்டிக் கேட்டவருக்கு ஒரு டொக் போதாதா? அம்மா ஏதோ கேட்கக் குனிந்தாள். அவர் புருவத்தைத் தூக்கி அவளை அடக்கினார். எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். போகட்டும், இதற்குமேல் அவர் இங்கே உட்கார்ந்து கேட்க வேண்டாம் என்றுகூட நினைத்தேன். அவர் எழுந்திருக்கவில்லை.

கடைசி அடி முடிந்து நாங்கள் குனிந்து வணங்கியபோதும் யாரும் கைதட்டவில்லை. இதுவும் ஏமாற்றுவேலையாக இருக்கலாம் என்ற பயம். அமைப்பாளர் மேடையேறி நன்றி சொல்லி, விசிறிகளைப் போடச் சொன்னபிறகுதான் தட்டினார்கள். அதில் எவ்வளவு எனக்கு, எவ்வளவு விசிறிக்கு என்பது இன்றுவரை தெரியாது. ஒரு கல்லூரி ஆசிரியர் என் கையைப் பிடித்துக்கொண்டு, பித்தளையை ஊமையாக்கும் துணிச்சல் யாருக்கு வரும் என்று கேட்டார். எங்கள் அத்தாவுக்கு என்று சொல்ல வாயெடுத்து, நன்றி என்றேன்.

கூட்டம் கலைந்தபிறகு அத்தா மேடைக்கு ஏறிவந்தார். செருப்பைக் கீழே விட்டுவிட்டு வந்தார். நேராகத் தவலையின் முன் குந்தி, அதை நிமிர்த்தி, முட்டியால் ஒரு தட்டுத் தட்டினார். அந்த டொக்கை நாங்கள் இரண்டு பேரும் கேட்டோம்.

“காலைலயே உனக்குத் தெரியுமா?”

“தெரியுமுங்கத்தா.”

“போன் பண்ணுனப்பச் சொல்லீருக்கலாமில்ல?”

“சொன்னா வந்திருக்கமாட்டீங்க.”

அவர் தவலையின் விளிம்பைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார். அதில் துடைப்பதற்கு ஒன்றும் இல்லை. அவர் கண் கலங்கியிருந்தது. பரவாயில்லைங்கத்தா என்று சொல்லத் தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“சத்தம் போச்சு. அது என்ற தப்பு. ஆனா எந்தெந்தப் பாத்திரம் எவ்வளவு நேரம் நிக்கும்னு எனக்குத் தெரியுமில்ல? நானும் மனசுக்குள்ள கேட்டுட்டேதான் உக்காந்திருந்தன். போசி மூணும் செரியா நின்னீங்க. அண்டாவும் செரி. நீயும் நின்னே, அவியளும் நின்னாங்க.”

அந்த மண்டபத்தில் நான் எழுதியதை எழுதியபடியே கேட்ட ஒரே ஆள் என் முன்னால் குந்தியிருந்தார்.

“இந்தத் தவலைக்கு மட்டும் அவசரப்பட்டுட்டே” என்றார். “அது இன்னுங்கொஞ்சம் நின்னிருக்கும்.”

உண்மைதான். அங்கேதான் நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அதன்பிறகு என்னால் நிற்க முடியவில்லை, மூன்று பேரின் கை இறங்குமுன் அடுத்த பாத்திரத்தைத் தட்டிவிட்டேன்.

“அடுத்த தடவை நிக்கறனுங்கத்தா” என்றேன்.